பன்றி ரோஸ்ட்டில் தோல் ரப்பராக இழுக்கிறது, கறி சக்கையாகிறது: சூடான ஆப்பிள் சாஸோடு ஒழுங்காகச் செய்வது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்குக் குடிவந்து சில காலம் ஆன ஒரு தம்பதி. சனிக்கிழமை இரவு ஆறு பேருக்கு விருந்து. இங்கத்திய முறையில் பன்றி இறைச்சியை முழுத் துண்டாக ஓவனில் வாட்டி, சூடான ஆப்பிள் சாஸோடு பரிமாற ஆசை. முன்பு செய்தபோது சூப்பர்மார்க்கெட்டில் நூல் கட்டி விற்கும் லாயின் துண்டை வாங்கி, உறையில் போட்டிருந்த நேரத்துக்கு மேல் பயத்தில் அரை மணி நேரம் கூட்டி வைத்திருக்கிறார்கள். கறி வறண்டு தொண்டையில் அடைத்தது, தோலை மெல்லவே முடியவில்லை, சாஸ் ஜாம் மாதிரி தித்தித்தது. எங்கே தப்பு என்று கேட்கிறார்கள்.

உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. வாங்கிய துண்டு, தோலில் இருந்த ஈரம், எடுத்த ஆப்பிள் மூன்றும் சேர்ந்து காலை வாரியிருக்கின்றன. கறி நிதானமான சூட்டில் வேக வேண்டும். தோல் முதலில் காய வேண்டும், கடைசியில் கடும் சூட்டில் பொரிய வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒரே வேலை மாதிரி தெரிகிறது. தனித்தனி வேலை என்று நினைத்துச் செய்யுங்கள், முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் துண்டு. லாயின் என்பது முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளத் தசை. பன்றி நடக்கும்போதும் நிலத்தைக் கிளறும்போதும் அதற்கு அதிக வேலை கிடையாது. அதனால் மென்மையாக இருக்கும், ஆனால் உள்ளே கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு. பத்து டிகிரி கூடினால் போதும், சாறெல்லாம் வெளியேறிவிடும். தோள்பட்டைக் கறி இதற்கு நேர்மாறு. உழைத்த தசை, இடையிடையே கொழுப்பும், கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதமும் நிறைய. அந்தக் கொலாஜன் நிதானமான சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் கரைந்து ஜெலட்டினாக மாறி, கறியை உள்ளிருந்தே ஈரமாக வைத்துக்கொள்ளும். அரை மணி கூடினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. விருந்தாளிகள் ரயிலைத் தவறவிட்டாலும் கவலையில்லை. எலும்போடு நன்றாக வெந்த கறியைச் சாப்பிட்டுப் பழகிய நம் வாய்க்கும் அதுதான் பிடிக்கும். எனவே ஆறு பேருக்கு எலும்போடும் தோலோடும் இரண்டரைக் கிலோ தோள்பட்டை என்பதே என் தீர்மானமான யோசனை. மறுநாளைக்கும் மிஞ்சும்.

வாங்குவதைக் கறிக்கடையில் வாங்குங்கள். உறையில் காற்றில்லாமல் அடைத்த துண்டின் தோல் அதன் சாற்றிலேயே ஊறிக் கிடக்கும். கடையில் குளோஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ் என்ற இனம் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் எடுங்கள். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் உள்ள பழைய இனம், கொழுப்பு தாராளம். குளோஸ்டர்ஷயர் பக்கத்து ஆப்பிள் தோட்டங்களில் உதிர்ந்த பழங்களைத் தின்று வளர்ந்ததால் 'தோட்டத்துப் பன்றி' என்றே இதற்குப் பெயர் உண்டு. மரத்திலிருந்து விழுந்த ஆப்பிள்கள் பட்டுக் கன்றிய தழும்புதான் அந்தப் புள்ளிகள் என்று ஊரில் கதை சொல்வார்கள். பன்றிக்கு ஆப்பிளைத் துணையாக வைக்கும் வழக்கமும் இப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்ததுதான். ஆப்பிள் பறிக்கும் இலையுதிர் காலம் முடிகிற கையோடு, குளிருக்கு முன் பன்றியை வெட்டி உப்புக்கண்டம் போடும் காலம் வரும். இரண்டும் ஒரே பருவத்தில் ஒரே வீட்டில் இருக்கும். கொழுத்த கறியின் திகட்டலைப் புளிப்பு வெட்டும் என்பதை நாக்கு உடனே கண்டுகொண்டிருக்கும்.

சரி, உங்களை அரை மணி கூட்ட வைத்த அந்தப் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றி என்றாலே நாடாப்புழு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனிதக் கழிவைத் தின்று திரிந்த பன்றிகள் இருந்த இடங்களில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. சரியாக வேகாத கறியில் உள்ள இளம்புழு குடலில் வளரும். மூளையைத் தாக்கும் நோயோ, புழுவின் முட்டை கலந்த அசுத்தமான உணவாலும் தண்ணீராலும் கழுவாத கையாலும் வருவது. கண்காணிப்போடு வளர்க்கப்படும் பண்ணைப் பன்றியில், சரியாக வேகவைத்த கறியில் இதற்கு இடமில்லை. அமெரிக்க வேளாண் துறை 2011-இல் முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கான பாதுகாப்பான உட்சூட்டு அளவை 71 டிகிரி செல்சியஸிலிருந்து 63 ஆகக் குறைத்தது, எடுத்தபின் 3 நிமிடம் ஓய்வு என்ற நிபந்தனையோடு. பிரிட்டனில் சொல்லும் பொது அளவு, நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம். நீங்கள் பழையபடி லாயினே செய்வதானால் ஒரு தெர்மாமீட்டரை நடுவில் குத்தி, 66 அல்லது 67 வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். ஓய்வெடுக்கும்போது சூடு இன்னும் சில டிகிரி ஏறும், 70-ஐத் தொட்டு 2 நிமிடம் நிற்க வேண்டும். மறுபடி குத்திப் பாருங்கள், தொடவில்லையென்றால் ஐந்து நிமிடம் ஓவனுக்குள் வையுங்கள். தோள்பட்டைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அது மெத்தென்று ஆவதற்குள் உட்சூடு 85-ஐத் தாண்டி 90-ஐ நெருங்கிவிடும்.

இப்போது தோல். கிராக்லிங் என்று இங்கே சொல்வது, மேலே கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து கண்ணாடிபோல் உடையும் தோலைத்தான். இதற்காகவே பன்றி ரோஸ்ட் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். தோலில் பெரும்பங்கு கொலாஜனும் தண்ணீரும். நிதானமான சூட்டில் கொலாஜன் இளகும், தண்ணீர் மெல்ல வெளியேறும். கொஞ்சம் ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில் கடும் சூடு பட்டால் அந்த ஈரம் நீராவியாகி இளகிய தோலை ஊதிவிடும், ஊதியபடியே இறுகிவிடும். தோலில் ஈரம் அதிகமிருந்தால் ஓவனின் சூடெல்லாம் அதை உலர்த்தவே செலவாகும். தோல் அவிந்து, பொரியாமல் நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

அதனால் வெள்ளிக்கிழமை இரவே வேலையைத் தொடங்குங்கள். ஒரு முக்கியமான வேண்டுகோள்: கறியைக் குழாயடியில் கழுவாதீர்கள். மஞ்சள் போட்டு இரண்டு தண்ணீர் அலசுவது நம் கைக்கு ஊறிய பழக்கம். இங்கே அது தோலை நனைத்துக் கெடுக்கும், தெறிக்கும் நீரில் கிருமியும் சிங்க்கைச் சுற்றிப் பரவும். காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுத்தாலே போதும். பிறகு தோலைக் கீற வேண்டும். சமையலறைக் கத்தி வழுக்கும், அதிலேயே மல்லுக்கட்டினால் கை போய்விடும். அட்டைப்பெட்டி வெட்டும் கட்டரில் புது பிளேடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, பரிமாறும்போது எந்தப் பக்கம் வெட்டுவீர்களோ அந்தப் பக்கமாக. பிளேடு தோலைக் கடந்து வெள்ளைக் கொழுப்புக்குள் போகலாம், சிவந்த கறியைத் தொடக்கூடாது. தொட்டால் கறியின் சாறு அந்தப் பிளவு வழியே கொதித்து மேலே வந்து தோலை நனைக்கும். அந்தக் கோட்டைச் சுற்றிப் பொரியவே பொரியாது. கறிக்கடைக்காரரிடம் கேட்டால் அவரே கீறித் தருவார், ஆனால் பெரும்பாலும் இடைவெளி அதிகமாக விடுவார். நடுநடுவே நீங்கள் ஒரு கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் நான்கு டீஸ்பூன் தூள் உப்பு, தட்டிய மிளகு, ஒன்றிரண்டாகப் பொடித்த சோம்பு, நசுக்கிய பூண்டு நான்கு பல். சேஜ் இலை கிடைத்தால் ஐந்தாறு அரிந்து சேருங்கள், இங்கே பன்றிக்கென்றே வைத்திருக்கும் மூலிகை அது. மசாலா அத்தோடு நிற்கட்டும். மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போட்டால் ஆப்பிளின் வாசனை எழவே எழாது. தோல் பக்கத்தில் மசாலா எதுவும் படக்கூடாது. வெறும் உப்பு ஒரு மேசைக்கரண்டி, கீறிய கோடுகளுக்குள் இறங்கும்படி தேயுங்கள். தோல் மேலே இருக்கும்படி ஒரு தட்டில் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சமைத்த உணவு எதுவும் அதைத் தொடாமல் தள்ளி இருக்கட்டும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஃப்ரிட்ஜின் காய்ந்த காற்று அதைக் கொண்டுபோய்விடும். மறுநாள் தொட்டுப் பார்த்தால் தோல் பிசுபிசுப்பில்லாமல் காகிதம் மாதிரி இருக்கும். மேலே நிற்கும் உப்பையும் துளி ஈரத்தையும் துடைத்துவிடுங்கள்.

சிலர் தோலின் மேல் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவார்கள், கோடுகள் விரிவதற்காக. சீனர்கள், குறிப்பாகக் கேண்டனீஸ் முறையில், வயிற்றுக்கறியின் தோலை முள்ளால் நெருக்கமாகக் குத்தி வினிகர் தடவுவார்கள், அற்புதமாக வரும். எந்த வழியானாலும் கடைசியில் நன்றாகக் காய வைத்தாக வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வைக்க முடிந்தவர்களுக்கு வேறு வித்தை அவசியமில்லை. எண்ணெயும் தடவ வேண்டாம், கீழே உள்ள கொழுப்பே கோடுகள் வழியே மேலே வந்து தோலை நனைத்துப் பொரிக்கும்.

சனிக்கிழமை. ஏழரைக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் மணிக்குக் கறியை வெளியே எடுத்து வையுங்கள். இரண்டு மணிக்கு ஓவனை 160 டிகிரியில் வையுங்கள், காற்றாடி உள்ள ஓவனானால் 140. ஆழமான தட்டில் இரண்டு பெரிய வெங்காயத்தைத் தடித்த வட்டமாக வெட்டிப் பரப்பி, அதன்மேல் கறியைத் தோல் மேலே வரும்படி வையுங்கள். தோல் ஒரு பக்கம் சரிந்து நின்றால் கீழே ஒரு வெங்காயத் துண்டை முட்டுக் கொடுத்துச் சமமாக்குங்கள். பள்ளத்தில் கொழுப்பு தேங்கினால் அங்கே மொறுமொறுப்பு வராது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டின் ஓரமாக ஊற்றுங்கள், தோலில் ஒரு சொட்டும் படாமல். இரண்டேகாலுக்கு உள்ளே போனால் நான்கு மணி நேரம் அதை மறந்துவிடலாம். இடையில் ஒரே ஒருமுறை தட்டைப் பாருங்கள், வற்றியிருந்தால் கொஞ்சம் வெந்நீர் விடுங்கள். வெங்காயம் கருகினால், கடைசியில் அதில் செய்யப்போகும் குழம்பு கசக்கும். அலுமினியத் தாள் போட்டு மூடவே கூடாது.

ஆறேகாலுக்குக் கத்தி நுனியைக் கறிக்குள் இறக்கினால் தடையில்லாமல் போக வேண்டும். போகவில்லையென்றால் இன்னும் இருபது நிமிடம். இப்போது சூட்டை 240-க்கு ஏற்றுங்கள். இந்த அரை மணி நேரம் அடுப்படியை விட்டு நகராதீர்கள். ஓவன் விளக்கைப் போட்டுப் பார்த்தால், முதலில் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ் எழும், பிறகு கோட்டுக்குக் கோடு பரவும், பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்கும். ஒரு பக்கம் முந்தினால் தட்டைத் திருப்பி வையுங்கள். கரண்டிக் காம்பால் தட்டினால் எங்கும் டொக்கென்று வெற்றுச் சத்தம் வர வேண்டும். இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகலாம், கடிகாரத்தை விட்டுத் தோலைப் பாருங்கள். கறி வெந்து முடிந்து தோல் மட்டும் மசமசவென்று நின்றால், கத்தியால் தோலை அப்படியே உரித்தெடுத்து வேறு தட்டில் பரப்பி, ஓவனின் மேல்பக்கம் சூடு தரும் கிரில்லுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி வையுங்கள். அஞ்சு பத்து நிமிடத்தில் வந்துவிடும். கண்ணை எடுத்தால் கருகிவிடும். கறியை வெளியே எடுத்தபின் மூடாமல் அரை மணி நேரம் விடுங்கள். மூடினால் அதன் ஆவியிலேயே தோல் நமத்துவிடும், அத்தனை பாடும் வீண்.

ஆப்பிளுக்கு வருவோம். உங்கள் சாஸ் தித்தித்ததற்குக் காரணம் கேலா மாதிரி ஏதாவது தின்னும் ஆப்பிள் எடுத்திருப்பீர்கள், அதோடு சமையல் குறிப்பு சொன்ன சர்க்கரையையும் போட்டிருப்பீர்கள். இங்கே இதற்கென்றே ஒரு பழம் இருக்கிறது, பிராம்லி. பெரிதாக, பச்சையாக, கோணலாக இருக்கும். வேகவைக்காமல் கடித்தால் பல் கூசும். மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. சூடுபட்டதும் துண்டு துண்டாக நிற்காமல் பஞ்சாக உடைந்துவிடும், அதுதான் இதன் அருமை. நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சிற்றூரில் 1809-இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி விதை போட்டு முளைத்த ஒற்றை மரத்திலிருந்து வந்தவைதான் உலகத்திலுள்ள பிராம்லி மரங்கள் எல்லாம். பின்னாளில் அந்த வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி, அவரும் கறிக்கடைக்காரர்தான். 1856-இல் ஹென்றி மெர்ரிவெதர் என்ற இளம் நாற்றுப்பண்ணைக்காரர் கொப்பு வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டபோது, தன் பெயரில் விற்பதானால் சரி என்றாராம். விதை போட்ட பெண்ணின் பெயர் பழத்துக்குக் கிடைக்காமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

பிராம்லி மூன்று, ஏறக்குறைய 600 கிராம். தோல் சீவி, நடுவை எடுத்து, பெரிய துண்டுகளாக வெட்டி, அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு எலுமிச்சைத் தோல் கீற்றோடு போட்டு மூடி, குறைந்த தீயில் வையுங்கள். எட்டு பத்து நிமிடத்தில் ஓரங்கள் நுரைத்துக் கரையத் தொடங்கும். மூடியைத் திறந்து முள்கரண்டியால் லேசாகக் கிளறுங்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம், அங்கங்கே கட்டி இருந்தால்தான் அழகு. எலுமிச்சைத் தோலை எடுத்துவிட்டு 25 கிராம் வெண்ணெயைச் சேருங்கள். சர்க்கரையைக் கடைசியில் போடுங்கள், முதலில் ஒரே மேசைக்கரண்டி. கரைந்ததும் ருசி பாருங்கள். தனியாகச் சாப்பிட்டால் கொஞ்சம் புளிப்பு தூக்கலாகத் தெரிய வேண்டும். அந்தப் புளிப்பு தட்டில் கொழுப்போடு சேரும்போது அடங்கிவிடும். தனியாகவே இனிப்பாக இருந்தால் கறியோடு சாப்பிடும்போது பாயசம் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். பட்டை வேண்டாம். ஒரே ஒரு கிராம்பு வேண்டுமானால் போட்டு எடுத்துவிடலாம்.

சூடாகத்தான் பரிமாற வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பாட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ் குளிரோடு எடுத்து வைக்கும் சாஸ் பட்டதும் கறியின் கொழுப்பு உறைந்து உதட்டில் பசைபோல் ஒட்டும். சூடான சாஸ் இளகியிருக்கும், வாசனையும் எழும். முன்கூட்டியே செய்துவைத்தால் பழத்திலுள்ள பெக்டின் என்ற பொருளால் கெட்டியாகும், சாப்பிடும் நேரத்தில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் சரியாகிவிடும்.

பிராம்லி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிளை எடுத்து அரை மூடி எலுமிச்சை பிழியலாம். அது அவ்வளவு எளிதில் உடையாது, பத்து நிமிடம் கூட வேகவைத்து மத்தால் மசிக்க வேண்டும். இன்னொரு யோசனை: காக்ஸ் அல்லது பிரேபர்ன் ஆப்பிள் இரண்டைத் தோலோடு தடித்த கீற்றாக வெட்டி, ரோஸ்ட்டில் இறங்கிய கொழுப்பு ஒரு கரண்டி விட்டு வாணலியில் இரண்டு பக்கமும் சிவக்கும்வரை புரட்டிக்கொள்ளுங்கள். இவை உருக்குலையாது. மசிந்த புளிப்பும் சிவந்த கீற்றும் ஒரே தட்டில் இருந்தால் விருந்துக்கு எடுப்பாக இருக்கும்.

கறி ஓய்வெடுக்கும் அந்த அரை மணியில் குழம்பையும் முடித்துவிடலாம். தட்டில் உள்ள கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விடுங்கள். வெங்காயத்தோடேயே ஒரு மேசைக்கரண்டி மைதாவைப் போட்டு அடுப்பில் இரண்டு நிமிடம் கிளறி, ஆப்பிளைப் புளிக்கவைத்துச் செய்யும் இனிப்பில்லாத சைடர் 150 மில்லி ஊற்றி அடி சுரண்டுங்கள். பிறகு சிக்கன் ஸ்டாக் 400 மில்லி சேர்த்துக் கொதிக்கவைத்து, வெங்காயத்தை அழுத்தி வடிகட்டுங்கள். சைடரில் மது உண்டு. வேண்டாதவர்கள் ஆப்பிள் ஜூஸ் பாதியும் தண்ணீர் பாதியுமாக எடுத்து ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்க்கலாம். வடித்து வைத்த கொழுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கை உருட்டி, ஆறேகாலுக்குச் சூடு ஏற்றும்போது கீழ்த்தட்டில் வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள், கிழங்கிலிருந்து வரும் ஆவி தோலைக் கெடுக்கும். கறியை வெளியே எடுத்ததும் 220-இல் உள்ளே போகட்டும், முப்பது நாற்பது நிமிடத்தில் சிவந்துவிடும். கூட வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் போதும். யாராவது பன்றி சாப்பிடாதவர் வருகிறாரா என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள், கிழங்கிலும் குழம்பிலும்கூட அந்தக் கொழுப்பு இருக்கிறது.

பரிமாறும்போது முதலில் தோலை முழுசாகத் தூக்கி எடுத்து, கோடுகள் வழியே ஒடித்துத் தனித்தட்டில் வையுங்கள். தோலோடு சேர்த்துக் கறியை வெட்டப் பார்த்தால் இரண்டும் நொறுங்கும். தோள்பட்டை வில்லை வில்லையாக வராது, கரண்டியால் பிய்த்துப் பெரிய துண்டுகளாக எடுத்து வையுங்கள், மேலே கொஞ்சம் குழம்பு, பக்கத்தில் சாஸ். குழம்பைத் தோலின் மேல் யாரும் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய கறியை ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஞாயிறு மதியம் ரொட்டிக்கு நடுவில் குளிர்ந்த கறியும் மிஞ்சிய ஆப்பிள் சாஸும் வைத்துச் சாப்பிடுவது இங்கே வழக்கம். அதைவிட எனக்குப் பிடித்தது, கறியை உதிர்த்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, நிறைய மிளகு தட்டிப்போட்டு இரும்புச் சட்டியில் ஓரம் முறுகும்வரை ஆவி பறக்கப் பிரட்டுவது. அதற்குப் புளிப்பு வேண்டுமென்றால் தொட்டுக்கொள்ள அந்த ஆப்பிள் சாஸே இருக்கிறது, ஒரு பச்சை மிளகாயை நறுக்கிப் போட்டுச் சூடாக்கினால் போதும்.